கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சை

லாரி ஆபீஸில் பில் போடுகிற அந்த மனுஷருக்கு வாய்தான் கம்மி, மூளை கெட்டி. வேலை நேரத்தில் போனைத் தொடக்கூடாது என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டிலோ மனைவி இதயம் பலவீனமாகிப் படுத்த படுக்கை. பகலில் துணைக்கு ஆள் கிடையாது. மனுஷர் என்னதான் செய்வார்? மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

அவர் பில் போடுகிற புரோகிராமில், 'இது நடந்தால் இதைச் செய்' என்று சின்னச் சின்னக் கட்டளைகளை, அதாவது ஸ்கிரிப்ட், எழுதிச் சேர்க்கலாம். அப்படி ஒன்றை எழுதினார். கம்ப்யூட்டர் திரையின் கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், அதன் ஐகான் உட்கார்ந்திருக்கும். தலைமாட்டு லேப்டாப்பில் மனைவி ஒரு பட்டனைத் தட்டினால் இங்கே ஐகான் பச்சையாகும்: நன்றாக இருக்கிறேன். இன்னொன்றைத் தட்டினால் சிவப்பு: உடனே வாங்க.

"ஏங்க, போன்லயே 'ம்', 'சரி'ன்னுதான் பேசுவீங்க. இனிமே அதையும் மிச்சம் பிடிச்சிடலாம்!" என்று கேலி செய்தாள்.

"நீ தட்டிக்கிட்டே இரும்மா. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஒருமுறை சிவப்பானது, செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். மூச்சுத்திணறல். ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த ஸ்கிரிப்டின் மேல் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை.

பிறகு ஒரு நாள், காலையிலேயே பச்சை வந்தது. மதியமும் பச்சை. சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய் ஒரு போன் போடக்கூடத் தோன்றவில்லை. அதான் பச்சையாக இருக்கிறதே! சாயங்காலமும் பச்சை. 'இன்னிக்குத் தெம்பா இருக்கா' என்று மனுஷருக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து சீட் டைப்பிஸ்டிடம் சிரித்துக்கூடப் பேசினார். வீட்டுக்குப் போனால் அவள் உடம்பு சில்லிட்டுக் கிடக்கிறது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "உயிர் காலையிலேயே போயிருக்கணும்" என்றார்.

அட பாவி மனுஷா! செய்தி வந்தால் நிறத்தை மாற்று என்று எழுதினாயே, வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதினாயா? கடைசியாக அவள் தட்டிய பச்சை அப்படியே நின்றுவிட்டது. நாளெல்லாம் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அதைத்தான்.

எல்லாம் முடிந்து வேலைக்கு வந்தவர் முதலில் அந்த ஸ்கிரிப்டைத்தான் திறந்தார். டைப்பிஸ்டுக்கு மனசு கேட்கவில்லை.

"இனி எதுக்கு சார் அது? அழிச்சிடுங்களேன்."

"தப்பு இருக்கும்மா. சரிபண்ணிட்டு அழிச்சிடறேன்."

கொஞ்ச நேரம் செய்தி வராவிட்டால் ஐகான் சாம்பல் நிறமாக வேண்டும் என்று சேர்த்தார். ஓடவிட்டுக் காத்திருந்தார். பச்சை போய்ச் சாம்பல் வந்தது. ஒரு பிசகும் இல்லாமல் வேலை செய்தது. மனுஷர் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஆபீஸே திரும்பிப் பார்க்க, ஓவென்று அழுதார்.