காஜா நவாஸின் அவசர நேர்ச்சை

என் மச்சான் காஜா நவாஸைப் போன்ற அவசரக்காரரைக் கீழக்கரை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. நோன்பு திறக்கும் நேரத்தில் பேரீச்சம்பழத்தை உதடு வரை கொண்டுபோய் வைத்துக்கொண்டு, பாங்கு சொல்லாத மோதினாரைத் திட்டுகிற ஆள். ஷார்ஜாவில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிச் செருப்புக்கடை போட்டார். வருகிறவன் காலை நீட்டுவதற்குள் இவரே அளவைச் சொல்லிவிடுவார். பாதி தப்பாக இருக்கும். தப்பு என்று சொன்னால் காலைத்தான் குறை சொல்வார். என் அக்கா சூஃபியா லாத்தா இவரைக் கட்டிக்கொண்டு எப்படித்தான் காலம் தள்ளுகிறாளோ!

அவருக்கு வந்த நோயும் அவசரக்கார நோய்தான். இதயம் திடீரென்று தாளம் தப்பித் தறிகெட்டு ஓடும். வேர்க்கும், மூச்சு வாங்கும். மாத்திரையில் அடங்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் தொடை வழியாக வயரை விட்டு, இதயத்துக்குள் கோளாறு செய்கிற இடத்தைச் சுட்டார்கள். டாக்டர் கட்டிலருகே வந்து, "நல்லபடியா முடிஞ்சது. ஆனா குணமாயிருச்சான்னு சில மாசம் பொறுத்துத்தான் சொல்ல முடியும். ரத்தம் கட்டாம இருக்குற மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க" என்றார். நானும் லாத்தாவும் முழுசாகக் கேட்டோம். மச்சான் காதில் முதல் வாக்கியம்தான் விழுந்தது.

சுகமானால் ஆடு அறுத்துத் தெருவுக்கே சோறு போடுவதாக நேர்ந்திருந்தார். வீடு வந்த மறுநாளே ஆடு வாசலில் நின்றது.

"பொறுங்க மச்சான், டாக்டர் என்னா சொன்னாக?" என்றேன்.

"ஏலே மதார், அல்லாஹ்வுக்குக் குடுத்த வாக்குல தவணை கேக்கச் சொல்றியா?" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

தெருவே தின்றது. எதிர்வீட்டுப் பெரியவர் ஜெய்னுலாபுதீன் தூக்குச்சட்டியோடு வந்தார். எல்லாரும் துஆ செய்து, ஏப்பம் விட்டு, மச்சானின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

பெருநாள் முடிந்த கையோடு இதயம் பழையபடி ஓடத் தொடங்கியது. சம்பந்தி வீட்டுக்குப் போவதாகத் தெருவில் ஒரு கதை கட்டிவிட்டு மதுரைக்குப் போனோம். மறுபடி சுட்டார்கள். அதற்கும் அடங்கவில்லை. இனிச் சுட்டுப் பிரயோஜனம் இல்லை, இதோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள், மாத்திரையை விட்டால் ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? மாத்திரையை நிறுத்தினார்! சுகமாகிவிட்டதாகச் சோறு போட்டவர், மருந்துக்கடை வசீம் முன்னால் போய் எப்படி மாத்திரைக்கு நிற்பாராம்? அவனும் நேர்ச்சைச் சோறு தின்றவனாம். லாத்தா ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறி வாங்கிவந்தால் அது தலையணைக்கடியில் கிடந்தது. மகன் துபாயிலிருந்து அனுப்பிய, நாடி பார்க்கிற கைக்கடிகாரத்தை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டார்.

"வெக்கத்துலயே மவுத்தாகிருவாரு போலடா" என்று லாத்தா போனில் அழுதாள். உயிரோடு விளையாடுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த வாரம் எங்கள் தெருவில் பாக்கர் வீட்டுக் கல்யாணம். எங்கள் ஊரில் கல்யாணமென்றால் சஹன் சாப்பாடு. பெரிய தாலம் நிறையச் சோறும் கறியும் வரும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதே தாலத்தில் கை வைத்துத் தின்ன வேண்டும். என் சஹனில் மச்சான், ஜெய்னுலாபுதீன், வசீம்.

"நெஞ்சு இப்ப எப்படி காஜா?" என்று பெரியவர் கேட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ், குதிரை மாதிரி இருக்கு" என்றார் மச்சான்.

குதிரைதான், கயிற்றை அறுத்துக்கொண்ட குதிரை. கழுத்து நரம்பு துடிப்பது எனக்கே தெரிந்தது, முகமெல்லாம் வேர்வை. போதும் இந்த நாடகம் என்று, லாத்தா கொடுத்திருந்த மாத்திரை அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவர் பக்கத்துச் சோற்றின் மேல் வைத்தேன்.

வசீம் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டான். "இது ரத்தம் கட்டாம இருக்கப் போடுறதுல்ல? யாருக்கு?"

மச்சான் என்னை அறுத்துப்போடுவதுபோலப் பார்த்தார்.

"மொறைக்காதீக" என்றேன். "ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க லாத்தா என்னா செய்வா?"

சோற்றிலிருந்து கையை எடுத்தார். அவர் தாழ்ந்த குரலில் பேசி அன்றுதான் கேட்டேன். "சரியாகல. ரெண்டு தடவ சுட்டாக. இனி ஒண்ணும் செய்ய ஏலாதாம். எனக்குப் பயமா இருக்கு."

பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார். "அப்ப அந்த நேர்ச்சை?"

"அதான் தின்னுட்டீகள்ல! சட்டியில வேற கொண்டுபோனீக!" என்று மச்சான் கத்தினார். பக்கத்துச் சஹன்களும் திரும்பிப் பார்த்தன.

ஜெய்னுலாபுதீனுக்குக் கோபமே வரவில்லை. அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து மச்சானிடம் நீட்டினார்.

"தின்னவன் சொல்றேன், கேளும். ஒம்ம சோத்தத் தின்னுட்டு ஒம்மள மவுத்தாக விட்டா, எங்களுக்கு எப்படிய்யா செமிக்கும்? போடும்."

மச்சான் வாங்கி விழுங்கினார். பிறகு சோற்றில் கை வைத்தவர் அழுதுகொண்டே தின்றார். எங்கள் கையெல்லாம் சோறாக இருந்ததால் யாரும் அவர் கண்ணைத் துடைக்கவில்லை. கறித்துண்டுகளை மட்டும் மூன்று பேரும் அவர் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தோம்.