விசாலாக்ஷி திறந்த லேப்டாப்

விசாலாக்ஷிக்கு அருவருப்பு பிறவிக் குணம். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் வளர்ந்தவள். ஹோட்டலில் டம்ளர் விளிம்பில் ஒரு கறை கண்ணில் பட்டால் போதும், காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தொழில், ஊரார் வீட்டு லேப்டாப்களின் அடிமூடியைக் கழற்றி உள்ளே சேர்ந்திருக்கும் அழுக்கை எடுப்பது.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தாள். கணவனின் தம்பி குருபிரசாத், தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு துணிக்கடையின் மாடியில் லேப்டாப் கடை போட்டபோது, "மன்னி, நீங்க பெஞ்சைப் பாத்துக்கோங்கோ, கவுண்டரை நான் பாத்துக்கறேன்" என்று கூப்பிட்டான். வருகிறவர்களிடம் சிரித்துப் பேச, பாகங்கள் வாங்கிப்போட அவன், ஸ்க்ரூடிரைவர் பிடிக்க இவள் என்று ஏற்பாடாயிற்று. இரண்டு பேர் பெயரும் போர்டில் இருந்தது.

ஆபீஸ் வேலைக்கு வைத்திருக்கும் சாதாரண லேப்டாப்பைச் சகித்துக்கொள்வாள். கேமிங் லேப்டாப்பைத்தான் தொடவே பிடிக்காது. அதில் பெரிய ஃபேன்கள் இரண்டு இருக்கும். விளையாடுகிற நேரமெல்லாம் அறையில் மிதப்பதை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். மெத்தையில் போட்டு விளையாடுகிறவர்களின் மெஷினில் பஞ்சும் தலைமுடியும் திரிந்து கயிறாகக் கிடக்கும். சிகரெட் பிடிக்கிறவர்களுடையது என்றால் சூட்டை வெளியேற்றும் செப்புக் குழாய்மேல் பழுப்பாக ஒரு பிசின். கீபோர்டுக்கு அடியில் மிக்சர், நகத்துண்டு, காய்ந்த கெச்சப். ஒரு தடவை வேளச்சேரியிலிருந்து வந்த மெஷினில் ஒரு ஃபேன் சுற்றவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே கரப்பான்பூச்சி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது, முட்டைக் கூடு சகிதம். கையுறை போட்டுத்தான் எடுத்தாள். ஆனாலும் அன்று மத்தியானம் கொண்டுபோன தயிர்சாதத்தைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"இவ்வளவு அசிங்கமா இருந்தா எதுக்குப் பண்றே?" என்று கணவன் கேட்டிருக்கிறான்.

அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. தூசியை ஊதித் தள்ளி, சிப்பின்மேல் காய்ந்து சுண்ணாம்பாகிப் போன, சூடு கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்தெடுத்து, புதுப் பேஸ்ட் வைத்து மூடியபின் மெஷினை ஓடவிடுவாள். அதுவரை கொதித்துக் கொதித்து அணைந்துகொண்டிருந்தது சாந்தமாகிவிடும். மிக்ஸி மாதிரி அலறிய ஃபேன் முணுமுணுப்புக்கு இறங்கும். உள்ளே இருந்த அசிங்கம் வெளியே போயிற்று, இனி இல்லை. அந்த நிம்மதிக்காகவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

சுந்தரராமனின் லேப்டாப் வந்தது ஒரு மழைநாளில். அடையாறு காந்தி நகரில் இருக்கும் ஆடிட்டர், அறுபதை நெருங்குகிறவர். கார் ரேஸ் விளையாட்டில் அவருக்குப் பெரிய பைத்தியம். வீட்டில் ஸ்டீயரிங், பெடல் எல்லாம் மேஜையில் பொருத்தி வைத்திருக்கிறார்.

"போன தடவை உங்க கடையிலதான் புது எஸ்எஸ்டி போட்டேன், கூலிங்கும் பண்ணிண்டேன்" என்றார். "ஆனா முன்னைவிட மோசமா இருக்கு. கேம் லோட் ஆறதுக்குள்ள ஒரு காபி குடிச்சுட்டு வந்துடலாம். அரைமணி ஆடினா சூடாகி நின்னுடறது. மூடியைக் கொஞ்சம் அசைச்சா ஸ்கிரீன்ல கோடு கோடா வரது."

போன தடவை அது வந்தபோது விசாலாக்ஷி கடையில் இல்லை. மாமியாரின் இடுப்பு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். குருபிரசாத் வெளியிலிருந்து யாரையோ வரவழைத்து வேலையைச் சமாளித்திருந்தான்.

மூடியைக் கழற்றினாள். தூசி அதிகமில்லை, சுந்தரராமன் சுத்தக்காரர். முதலில் ஸ்கிரீன் கோளாறைப் பார்த்தாள். திரைக்குப் போகும் பட்டைக் கம்பி கீலுக்குள் சிக்கி நசுங்கியிருந்தது. யாரோ அதன்மேல் சாதாரண செலோடேப்பைச் சுற்றி அமுக்கி வைத்திருந்தார்கள். செப்புக் குழாய் பதித்த ஹீட்சிங்கைத் தூக்கினாள். சூடு கடத்தும் பட்டை இருக்கவேண்டிய இடத்தில், கண்ணாடி ஒட்டப் பயன்படும் இரட்டைப்பக்க நுரை டேப் இருந்தது. அது உருகி, இளகி, சூயிங்கம் போல இழுபட்டு வந்தது. டேப் எரிந்த வாடை மூக்கில் ஏறியது.

கடைசியாக எஸ்எஸ்டி, கேம், ஃபைல் எல்லாம் சேமித்து வைக்கும் பாகம். புது மாடலின் பெயரோடு பளபளவென்று ஸ்டிக்கர். சூட்டில் ஒரு மூலை கிளம்பியிருந்தது. ட்வீசரால் பிடித்து இழுத்தாள். கீழே இன்னொரு ஸ்டிக்கர், வேறொரு கம்பெனியுடையது, பழையது, மேலே எவரோ பேனாவால் கிறுக்கியது பாதி அழிந்திருந்தது. தன் சோதனை மெஷினில் மாட்டிப் பார்த்தாள். புதுசு ஓடவேண்டிய வேகத்தில் கால்பங்குகூட இல்லை. எங்கோ ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டரில் வருஷக்கணக்காக ராப்பகலாக உழைத்து ஆயுள் முடியும் நிலையில் தூக்கிப் போட்ட சரக்கு அது.

கரப்பான் முட்டையைப் பார்த்தபோது வந்த குமட்டல் இதன்முன் ஒன்றுமே இல்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு அந்த எஸ்எஸ்டியை ட்வீசரில் தொங்கவிட்டபடியே கவுண்டருக்குப் போனாள்.

குருபிரசாத் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இது என்னது குரு?"

ஒரு பார்வையில் அவனுக்குப் புரிந்துவிட்டது. எண்ணெய் விரலை நக்கிக்கொண்டான். "மெதுவா பேசுங்கோ மன்னி."

"அவருக்குப் புதுசுன்னு சொல்லித்தானே போட்டிருக்கே?"

"எல்லா கடையிலயும் பண்றதுதான். அவர் என்ன, உள்ள திறந்தா பாக்கப் போறார்? ஓடறதோன்னோ, அது போறும்."

"இது ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எல்லா வாடிக்கையாளர்களிடமும் சிரிக்கும் அதே சிரிப்பு என்பதுதான் விசாலாக்ஷிக்குத் தாங்கவில்லை. ஏழு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டு அவன் நல்ல பிள்ளை என்று நினைத்திருந்தாள்.

அவன் தடுப்பதற்குள் சுந்தரராமனுக்குப் போன் செய்து, இருப்பதை இருந்தபடி சொன்னாள். "எங்க கடையில உங்களை ஏமாத்தியிருக்கா சார். நேர்ல வாங்கோ, காட்டறேன்."

அவர் குடையோடு வந்து சேர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. போலீஸ், கன்ஸ்யூமர் கோர்ட் என்று கத்தினார். அவர் கத்துவது நியாயம். கத்தி முடிக்கட்டும் என்று விசாலாக்ஷி நின்றாள். குருபிரசாத் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். பிறகு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபிக்குச் சொல்லி அனுப்பினான். "மாமா, கடைக்கு வரதுக்கு முந்தியே உங்களை எங்கேயோ பாத்த மாதிரி இருக்கு. சித்திரகுளம் பக்கம் இருந்தேளா?" என்று ஆரம்பித்தான்.

இருந்திருக்கிறார். அவர் தம்பியும் குருபிரசாத்தின் பெரியப்பா பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடம். காபி வந்தது. குரல் இறங்கியது. விசாலாக்ஷி பெஞ்சில் கம்பியை மாற்றி, நுரை டேப்பைச் சுரண்டியெடுத்துச் சரியான பட்டை வைத்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சுந்தரராமன் பெஞ்சருகே வந்தார். குரலில் இப்போது குழைவு.

"ஏம்மா, ஸ்கிரீன் சரியாயிடுத்தா? சூடு?"

"ரெண்டும் ஆயிடுத்து சார். எஸ்எஸ்டிதான் புதுசு போடணும். அதை எங்க கடைதான் போட்டுத் தரணும்."

"அது இருக்கட்டும், அந்தப் பணத்தை அவர் திருப்பித் தரேன்னுட்டார். நான் வேற லேப்டாப் பாத்து வெச்சிருக்கேன். இதை வித்துடப்போறேன். ஒரு பொண்ணு, ஏதோ அனிமேஷன் படிக்கறதாம், வாங்கிக்கறேன்னிருக்கா. நீங்க அந்த ஸ்டிக்கரை மேல பழையபடி ஒட்டிடுங்கோ. அவா இங்கயே வந்து எடுத்துக்கட்டும். கடையில சர்வீஸ் ஆகி வரதுன்னா நம்பிக்கையா இருக்கும் பாருங்கோ."

விசாலாக்ஷி நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குப் பண்ணினதையே அவளுக்கும் பண்ணச் சொல்றேளா?"

"அப்படியெல்லாம் பெரிய வார்த்தை எதுக்கு? நான் கோர்ட்டுக்குப் போகலை, உங்க கடை பேர் கெடலை. எல்லாருக்கும் சௌகரியம்தானே?"

பின்னால் நின்ற குருபிரசாத் தலையாட்டினான். கத்தியவரும் ஏமாற்றியவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவளையே பார்த்தார்கள். இருவர் வாயிலிருந்தும் ஒரே காபி வாடை. அவளுக்கு அந்த அறையின் காற்றை இழுக்கவே பிடிக்கவில்லை.

"நான் ஒட்டமாட்டேன்" என்றாள்.

"நீங்க ஒட்ட வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்றான் குருபிரசாத். கவுண்டர் டிராயரைத் திறந்து, தாள் தாளாக இருந்த ஸ்டிக்கர்களிலிருந்து புதிதாக ஒன்றை உரித்து ஒட்டி, தானே மூடியையும் முடுக்கினான். டிராயரில் அத்தனை ஸ்டிக்கர் தாள் இருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன், "தப்புதான். ஆனா அவன்கிட்ட தனியா சொல்லித் திருத்தலாம். வெளில தெரியணும்னு என்ன?" என்றான். அவள் சாப்பிடாமல் எழுந்துபோனாள்.

சனிக்கிழமை காலை அந்தப் பெண் வந்தாள். தமிழ்மொழி என்று பெயர். கூட அவள் அப்பா முருகையன், லோடு வண்டி ஓட்டுகிறவர். ஆற்றோரத்தில் இருந்த அவர்கள் வீட்டை இடித்தபின் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம். பஸ் மாறி வந்திருந்தார்கள். சுந்தரராமனும் வந்து, நாற்காலியில் மலர்ச்சியாக உட்கார்ந்திருந்தார்.

தமிழ்மொழி லேப்டாப்பை ஆன் செய்து பார்த்தாள். திரையை முன்னும் பின்னும் அசைத்தாள், கோடு வரவில்லை. முகம் மலர்ந்தது. "நைனா, சூப்பரா கீது. காலேஜ் லேப்ல க்யூல நிக்க வேணாம், ஊட்லயே அனிமேஷன ரெண்டர் போட்டுக்கலாம்."

முருகையன் அதைத் தொடவில்லை. நேராக பெஞ்சுக்கு வந்தார். "மேடம், எனக்கு இது இன்னா ஏதுன்னு தெரியாது. நீங்கதான ரிப்பேரு பண்றவங்க? நல்ல பொருளுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா எட்த்துக்கினு போய்க்கினே இருப்பேன்."

கவுண்டரிலிருந்து குருபிரசாத், "மன்னி சொல்லுவா, நல்ல மெஷின்தான்" என்றான் அவசரமாக.

விசாலாக்ஷி லேப்டாப்பை வாங்கிக் கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"மன்னி, வேண்டாம்" என்று குருபிரசாத் எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கையை எடு" என்றாள். அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனை உடனே கையை எடுக்கவைத்தது.

மூடியைத் தூக்கி வைத்தாள். முருகையனையும் பெண்ணையும் கிட்டே வரச் சொல்லி, அவர்கள் கண்ணெதிரே ஸ்டிக்கரை உரித்தாள். "மத்ததெல்லாம் சரியா இருக்கு. நானே பண்ணினேன். இது மட்டும் பழசு, எப்ப வேணா போயிடும். உங்க பொண்ணு பண்ற வேலையெல்லாம் இதோட போயிடும். இவருக்கும் தெரியும், இவனுக்கும் தெரியும்."

சுந்தரராமன் துள்ளி எழுந்தார். "நாக்குல நரம்பில்லாம பேசாதேம்மா! உன் கடை பண்ணின வேலைக்கு என்னைச் சந்தியில நிறுத்தறியா?" லேப்டாப்பையும் மூடியையும் தனித்தனியாக அள்ளிக்கொண்டார். ஸ்க்ரூக்கள் தரையில் சிதறின. படியிறங்கும்போதும் திட்டிக்கொண்டே போனார்.

தமிழ்மொழி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். முருகையன் அவள் தோளைத் தட்டினார். அவர் நன்றி சொல்லுவார் என்று விசாலாக்ஷி நினைத்தாளோ என்னவோ, தெரியாது. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது உங்க கடதான மேடம்?"

"ஆமாம்."

"போர்டுல உங்க பேரு கீது. இத்தினி நாளு இங்க குந்திக்கினு இருந்துட்டு இன்னிக்கிதான் உனுக்கு கண்ணு தெரிஞ்சுதா? எத்தினி பேரு இந்த மாரி எட்த்துக்கினு போனானோ. த்தூ... வா கண்ணு, போலாம்."

அவர் துப்பவில்லை, சத்தம் மட்டும்தான். ஆனால் அது தன்மேல் விழுந்ததை விசாலாக்ஷி உணர்ந்தாள். துடைக்கத் தோன்றவில்லை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அன்றே தன் கருவிகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். குருபிரசாத் பின்னாலேயே படிவரைக்கும் வந்து, "குடும்பத்தை இப்படியா மன்னி நாறடிப்பா?" என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது கே.கே. நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பாதியை எடுத்துக்கொண்டு தனியாக நடத்துகிறாள். மெஷினைக் கொண்டுவருகிறவர் எதிரில் உட்கார்ந்திருந்தால்தான் மூடியைத் திறப்பாள். அவசரக்காரர்கள் பலர் அதற்குப் பொறுமையில்லாமல் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். பழைய வாடிக்கையாளர்களில் தன் நினைவில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கொண்டுவந்தால் சும்மாவே திறந்து பார்த்துச் சொல்கிறேன் என்றாள். சிலர் வந்தார்கள். நாலைந்து பேருடையதில் அதே ஸ்டிக்கர் இருந்தது. இரண்டு பேர் அவளைத்தான் திட்டினார்கள். தி.நகர் கடை ஜோராக நடக்கிறது. அவள் பெயரை எடுத்துவிட்டு, போர்டில் வண்ண விளக்கு போட்டிருக்கிறான் குருபிரசாத்.

மாமனாரின் சதாபிஷேகம் மந்தைவெளியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. போகாமல் இருக்க முடியாது, போனாள். பந்தியில் ரசம் சாதம் முடிந்தபோது பாயச வாளியோடு வந்தவன் குருபிரசாத். பட்டு வேஷ்டி, நெற்றியில் சந்தனம், அதே சிரிப்பு.

"மன்னி, பழசெல்லாம் விட்டுடுங்கோ. ஒரு கரண்டி."

அவள் இலையின்மேல் கையைக் குறுக்கே வைத்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா..." என்று பக்கத்து இலையிலிருந்த நாத்தனார் முணுமுணுத்தாள். குருபிரசாத் கரண்டியை நீட்டியபடியே நின்றான். பாயசம் ஒரு சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது. விசாலாக்ஷி எழுந்துபோய், குழாயைத் திறந்து, கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டாள். திரும்பி வந்து, அவன் அடுத்த வரிசைக்குப் போய்விட்டானா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்து, மோர் சாதத்தைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.