ரந்தாவ் கிளினிக்கைத் தாண்டிப் போனவன்

இன்று காலை எங்கள் ஊர் ரந்தாவ் கிளினிக்கில்...

நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் பதினொரு பேர். அதில் எட்டுப் பேர் எங்கள் தோட்டத்து ஆட்கள்.

(மீதி மூன்று பேர் என் கல்யாணத்துக்கு வந்தவர்கள்!)

வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், எழுந்து ஓடிவிடலாமா என்று. ஏன் என்று சொல்கிறேன்.

என் மனைவி கவிதா நான்கு மாதக் கர்ப்பிணி. முதல் செக்கப்பில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுப்பதுபோல அவளுக்கும் இரத்தம் எடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் ரிசல்ட் வந்தது.

சிஃபிலிஸ்.

உடலுறவால் தொற்றுகிற நோய். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் போகும். அன்றைக்கே அவளுக்கு முதல் ஊசி போட்டு, கணவரையும் கூட்டி வரச் சொல்லி அனுப்பிவிட்டார் நர்ஸ் மிஸ்ஸி.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய பிங்க் புக்கை, அதுதான் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் கிளினிக் புத்தகம், திறந்து வைத்தாள். அழவில்லை. திட்டவும் இல்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

அது உண்மை. ஜோகூரில் லாரி ஓட்டிய காலம். அப்போது ஒரு புண் வந்தது, வலிக்கவில்லை, தானாகவே ஆறிவிட்டது. நோயும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரைப் பார்க்க வெட்கம்.

கவிதா பிங்க் புக்கை மூடினாள்.

"நம்புறேன்னு சொல்லமாட்டேன். நீங்க போயி ஊசி போடுங்க. பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அதுக்கப்புறம் நம்ம பேச ஒண்ணும் இல்ல."

போனேன். ஆனால் ரந்தாவுக்கு இல்லை. இங்கே கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற அக்கா எங்கள் கோயில் கமிட்டிக்காரரின் சம்சாரம். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு எழுதாத சட்டம் உண்டு. தலைவலி, காய்ச்சலுக்கு ரந்தாவ். இந்த மாதிரி விஷயத்துக்கு மலைக்கு அந்தப் பக்கம்.

ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு, போன செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, மோட்டார் சைக்கிளில் புக்கிட் புத்துஸ் மலை மேடு ஏறிக் கோலா பிலா போய்ச் சேர்ந்தேன். யாரும் என்னைத் தெரியாத ஊர் என்று நிம்மதியாகக் கிளினிக்குக்குள் நுழைந்தால், முதல் நாற்காலியில் எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவர்!

(யார் என்று கேட்காதீர்கள். சத்தியமாகச் சொல்லமாட்டேன்.)

அவர் சர்க்கரை பார்க்க வந்தாராம். நான் பல் வலி என்றேன். சர்க்கரை பார்க்க யாரும் மலை ஏறி இறங்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பல் டாக்டர் அந்தப் பக்கக் கட்டடத்தில் இருக்கிறார் என்று அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸி எங்கள் இரண்டு பேரையும் இந்த மாதிரி நோய் பார்க்கும் அறையின் கதவுக்கு முன்னால் உட்கார வைத்தார். அதற்கு மேல் என்ன மறைப்பது?

மெதுவாகக் கேட்டேன். "அண்ணிக்குத் தெரியுமாண்ணே?"

"எதுக்குடா? நம்ம ஊசி போட்டா முடிஞ்சிரும் லா. அவ நல்லாதான் இருக்கா."

கவிதாவும் நல்லாதான் இருந்தாள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பிள்ளைக்காக இரத்தம் எடுத்ததால்தான் தெரிந்தது.

உள்ளே மலாய்க்கார டாக்டர் அம்மா. விரலில் குத்திப் பார்த்த சோதனையிலேயே எனக்கும் இருப்பது தெரிந்துவிட்டது. வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட வேண்டும், இரண்டு பேருக்கும் முடிகிறவரை சேரக்கூடாது, ஒருவர் மட்டும் போட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும் என்றார். பிள்ளை பிழைக்குமா என்று கேட்டேன். சீக்கிரம் கண்டுபிடித்தது நல்லது, ஊசியை ஒழுங்காக முடித்தால் பிள்ளையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது, பிறந்த பிறகும் சோதிப்போம் என்றார்.

(ஊசி எங்கே போடுவார்கள் என்று கேட்காதீர்கள். திரும்பி வரும்போது பாதி வழி மோட்டாரில் நின்றுகொண்டே வந்தேன்.)

மலை இறங்கும்போதுதான் உறைத்தது. நோய் என்னுடையது. அதைத் தூக்கிக்கொண்டு நான் மலைக்கு அந்தப் பக்கம் போய் ஒளிந்துகொண்டேன். கவிதாவோ எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் நடுவில், தனியாக, பிங்க் புக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு கேவலமாக என்னை நான் என்றைக்கும் நினைத்ததில்லை.

அதனால்தான் இன்றைக்கு ரந்தாவ். அவளுக்கு மூன்றாவது ஊசி, எனக்கு இரண்டாவது.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் அவள் கைப்பையை வைத்திருந்தாள். அதை எடு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நம்பர் வந்ததும் கவுண்டருக்குப் போனோம். "கவிதாவுக்குத்தானே?" என்றார் அக்கா.

"எனக்கும்தான்க்கா."

மீதி ஊசியை இங்கேயே போடச் சொல்லிக் கோலா பிலாவில் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். படித்தார். எனக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டதுபோல இருந்தது. அக்கா கடிதத்தை நான்காக மடித்து, ஃபைலுக்குள் வைத்து, குரலைத் தாழ்த்தி, ஐந்தாம் நம்பர் ரூம், இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள் என்றார்.

அவ்வளவுதான். இதற்குப் பயந்தா நான் மலை ஏறினேன்?

அண்ணே, நீங்க இதப் படிப்பீங்கன்னு தெரியும். அண்ணியையும் கூட்டிட்டு வாங்க. எந்த ஊர் கிளினிக்கா இருந்தாலும் சரி, நானே வந்து நம்பர் எடுத்துத் தர்றேன்.

போஸ்ட் போடுவதற்கு முன்னால் போனைக் கவிதாவிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். போடுங்கள் என்றாள். கடைசியில் 'கவிதா என்னை மன்னித்துவிட்டாள்' என்று நான் எழுதியிருந்த வரியை மட்டும் காட்டினாள்.

"இது இன்னும் இல்ல."

அழித்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய் எனக்கு மூன்றாவது ஊசி. கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.