மாலையில் நீட்டிய பாவு

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

எங்கள் நெசவுத் தெருக் கோடியில் ஓர் அரிசி ஆலை. நெல் அவிக்க அங்கே உமியை எரிப்பார்கள். தறியில் ஏற்றுமுன் காலையில் தெரு நீளத்துக்கு இழை இழையாக நீட்டியிருக்கும் பட்டுப் பாவின்மேல் அந்தக் கரித்தூள் விழுந்தது. வெள்ளை இழையில் பட்டால் போகாது. தெருவே திரண்டு போய்ச் சண்டை போட்டது. நானும் கடைசி ஆளாக நின்றேன். ஆலைக்காரர் இறங்கி வந்தார். பாவு நீட்டும் காலை நேரத்தில் அடுப்பு மூட்டுவதில்லை, மாலையில் மூட்டிக்கொள்கிறோம் என்றார். எல்லோருக்கும் திருப்தி.

என் மனைவிக்கு இழுப்பு. மார்கழியில் அந்த மாலைப் புகை மேலே எழும்பாமல் பனியோடு தெருவிலேயே படிந்தது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தாள்.

"பொக இருக்கற நேரத்துல வெளிய வராதம்மா. வெறகு அடுப்பாண்டயும் உக்காராத" என்றார் டாக்டர்.

ஸ்டவ் வாங்கினேன். ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டேன். வாசலில் குப்பை கொளுத்துவதை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தவில்லை. அவரிடமும் நான் கேட்கவில்லை.

ஒருநாள் துணிந்து ஆலைக்குப் போனேன். "இன்னாபா?" என்றார் மேஸ்திரி. "ஒண்ணுமில்லீங்க" என்று திரும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு என் மச்சானைக் கூட்டிவந்து வெள்ளைப் பாவைத் தெருவில் நீட்டினேன்.

"இன்னா மாமா, பொழுது சாயற நேரத்துல பாவா?" என்றான் அவன்.

"நெலா வெளிச்சத்துல நெய்யப் போறாராம்!" என்று எதிர்வீட்டில் சிரித்தார்கள்.

மேஸ்திரி ஓடி வந்தார். "யோவ், காலைலதான நீட்டுவீங்க? நான் அடுப்பு மூட்டணும்யா!"

நான் பாவைக் கையால் காட்டினேன். அவ்வளவுதான். முணுமுணுத்துக்கொண்டே போனார். அன்று அடுப்பு எரியவில்லை. அவள் படுத்துத் தூங்கினாள்.

ஆனால் நீட்டிய பாவு தறியில் ஏறிவிடும், எனக்கு மாதத்துக்கு ஒரு பாவுதான். மற்ற மாலைகளில் புகை வந்துகொண்டுதான் இருக்கிறது. எல்லோரும் ஆளுக்கொரு மாலை நீட்டினால் என்ன என்று கேட்க எத்தனையோ முறை வாய் எடுத்தேன். மூன்று வருஷமாகிறது, இன்னும் கேட்கவில்லை. பட்டுக்காகத் திரண்ட தெரு, அவள் இருமும்போது கதவைச் சாத்திக்கொள்கிறது.

அடுத்த பாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இப்போதுதான் சாக்கை நனைத்துப் போட்டுவிட்டு வந்து இதை எழுதி முடித்தேன்.

1984 டிசம்பர் 20.