படம் என்று மட்டும் சொல்லும் போன்

காதோடு ஒட்டிப் பிடித்த போனின் திரை கறுத்துக் கிடக்கிறது. ஷிஹாப்பின் பெருவிரல் மட்டும் அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகிறது. சிலாவத்துறைக் கரையிலிருக்கும் அவருடைய ஐஸ் வாடிக்கு, மீன் நண்டுக்கு ஐஸ் போடும் அந்தக் கொட்டிலுக்கு, புதிதாக வருகிறவர்கள் போன் செத்துவிட்டது என்று நினைத்து இரக்கப்படுவார்கள். கண் தெரியாத மனிதருக்குத் திரையில் வெளிச்சம் எதற்கு? "வெளிச்சத்துக்குப் போற பற்றரி எனக்குக் கதைக்கட்டும்" என்பார்.

போன் எழுத்துகளை வாசித்துச் சொல்கிற வேகம் அவருக்கு மட்டுமே பிடிபடும். மற்றவர்களுக்கு அது கொதித்த எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம்.

"இது கதைக்குதா, பொரியுதா?" என்பாள் மனைவி நிஸ்லா.

"உன்னை விட ஆறுதலாத்தான் கதைக்குது."

இருபத்திரண்டு வயதில் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை போனது. அதைப்பற்றிக் கேட்டால் ஐஸின் விலையைச் சொல்வார். நண்டுப் பெட்டியின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி, இன்னும் எவ்வளவு ஐஸ் போடவேண்டும் என்று கணக்காகச் சொல்லிவிடுவார். குறையில்லாத மனிதர் என்று சொல்ல வரவில்லை. வாதம் ஒன்று கிடைத்துவிட்டால், சொந்த ஐஸ் உருகி ஓடுவதும் அவருக்குத் தெரியாது.

அவருடைய நிரந்தர வாதம் மீனவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவோடுதான். கடிதம் வந்தால் செயலாளர் நுஃமான் அதை மடிப்புப் பிரிக்காமலே படமெடுத்துக் குழுவில் போடுவார். பாதியில் அவருடைய தலை நிழல் விழுந்திருக்கும். ஷிஹாப்பின் போன் "படம்" என்று மட்டும் சொல்லும். எழுத்தை எடுத்து வாசிக்கிற செயலி ஒன்றும் வைத்திருக்கிறார். நுஃமானின் நிழலுக்குள் அதுவும் வழி தவறிவிடும். மற்றவர்கள் கட்டைவிரல் அடையாளம் போட்டுவிட்டுக் கடலுக்குப் போவார்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி ஒரு படம் வந்தது. கட்டைவிரல்கள் முப்பத்தொன்று.

"நுஃமான் காக்கா, இதில என்ன கிடக்கு?" என்று ஷிஹாப் குரல் செய்தியில் கேட்டார்.

"கந்தோர்க் கடிதம் தம்பி. எல்லாரும் பாத்தாச்சு."

"பாத்த ஆக்களில ஒராள் வாசிச்சுச் சொல்லுங்கோ."

கடைசியில் படகுக்கார ஜெஸீம்தான் வாய் திறந்தார். "உண்மையச் சொல்லுறன் மச்சான், நான் பெருநாள் வாழ்த்தெண்டு நெனச்சிட்டன்."

கால் மணிநேரம் கழித்து நுஃமானின் குரல் மெலிந்து வந்தது. கரையில் வாடி வைத்திருப்பவர்கள் வியாழன் நாலு மணிக்கு முன் நேரில் வந்து அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். வராதவர்களின் வாடி அகற்றப்படும்.

ஷிஹாப்புக்கு இருப்பது அந்த ஒரு வாடி. கரையில் இன்னும் பதினெட்டு வாடிகள் இருந்தன. பார்த்ததையெல்லாம் வாசித்ததாகவே கண்ணுள்ளவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். ஷிஹாப்புக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

புதன்கிழமை காலை வாடிக்காரர் அத்தனை பேரும் ஒரே வான் வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு கடற்றொழில் அலுவலகமான கந்தோருக்குப் போனார்கள். நுஃமானும் கூட வந்தார். வழியெல்லாம் ஷிஹாப்பைத் தூக்கி வைத்துப் பேசினார்கள்.

"சும்மா ஏத்தாதேங்கோ" என்றார் அவர். "கண் தெரிஞ்சிருந்தா நானும் உங்களப்போல கட்டைவிரலப் போட்டிட்டு இருந்திருப்பன்."

கந்தோரில் வேலை சுறுக்காக நடந்தது. உத்தியோகத்தர் இரண்டு பக்கப் படிவத்தை நீட்டுவார், விரலால் இடத்தைக் காட்டுவார், ஒப்பம் விழும், அடுத்த ஆள். நுஃமானும் தன் வாடிக்கு ஒப்பம் போட்டுவிட்டு வாசலுக்குப் போனார். ஷிஹாப்பின் முறை கடைசியில் வந்தது.

"இந்த இடத்தில போடுங்கோ" என்று உத்தியோகத்தர் பேனாவை அவருடைய விரல்களுக்குள் வைத்தார்.

ஷிஹாப் பேனாவை மூடி மேசையில் வைத்தார். படிவத்தின்மேல் உள்ளங்கையை விரித்து ஊன்றினார்.

"முதல் வாசியுங்கோ ஐயா. கேப்பம்."

உத்தியோகத்தர் கதிரையை முன்னுக்கு இழுத்துத் தொண்டையைச் செருமினார். வாசலில் ஒரு காலுக்குச் செருப்பு மாட்டியிருந்த நுஃமான், அதைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஷிஹாப்பின் பின்னால் நின்றார்.