சின்னம்மா கார் நிறுத்திய நாள்

ஈரமண்ணும் எரிந்த டயரும் சேர்ந்து மணக்கும்போதெல்லாம் சின்னம்மாவோடு போன ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. அம்மாவின் தங்கையான அவர், போர் முடிந்த அடுத்த வருடம் வன்னியிலிருந்து அகதியாக வந்து, பியர்ஃபித் என்ற பிரெஞ்சுப் புறநகரில் எங்கள் வீட்டில் தங்கி, பக்கத்து ஊரான லா கூர்னெவில் ஒரு கராஜில் துப்புரவு வேலைக்குப் போனார். வழியை மறித்து நின்ற வான் ஒன்றை ஒருநாள் அவர் ஸ்டியரிங்கை ஒரே வெட்டாக வெட்டிப் பின்னுக்கு எடுத்ததைப் பார்த்த கராஜ்காரி மார்த்தீன், தான் ஓடும் "ஸ்டொக் கார்" பந்தயத்துக்கு அவரையும் கூட்டிப் போனார்.

கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளைப் பற்றவைத்து மூடிய பழைய கார்கள் ஊருக்கு வெளியே ஒரு சேற்று வயலில் இடித்துத் தள்ளி ஓடும் பந்தயம் அது. சன்னல் வழியாகத்தான் உள்ளே இறங்கவேண்டும். முதல் கோடையில் கடைசியாக வந்த சின்னம்மா அடுத்த கோடையில் வெல்லத் தொடங்கினார். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் மரக்கறி வாங்கப் போனால் கடைக்காரர்கள் அம்மாவிடம் அதைத்தான் விசாரித்தார்கள். "கார் இடிக்கிறதும் ஒரு விளையாட்டோ? விசாவும் இன்னும் கிடைக்கேல்லை" என்று அம்மா புறுபுறுப்பார். சின்னம்மா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவார். நான் அடம்பிடித்துக் கூடவே போவேன்.

மூன்றாவது கோடையின் கடைசிப் பந்தயத்தில், முன்னே ஓடிக்கொண்டிருந்த மார்த்தீனின் கார் குடைசாய்ந்து புகையத் தொடங்கியது. மற்றவர்கள் விலத்திக்கொண்டு போக, சின்னம்மா பாதை நடுவே காரை நிறுத்தி, சன்னலால் குதித்தோடி, இருக்கைப் பட்டியை அறுத்து மார்த்தீனை வெளியே இழுத்தார். பின்னால் வந்த கார் ஒன்று சின்னம்மாவின் வெறுங்காரில் மோதி அதை நசுக்கியது. மார்த்தீன் கை முறிந்ததோடு தப்பினார்.

அதுவரை வன்னியைப் பற்றி வாய் திறக்காத சின்னம்மா, அன்று பின்னேரம் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னார்:

"காயப்பட்ட சனத்தை வானுக்குள்ளை ஏத்திக்கொண்டு ஓடினனான், அக்கா. ரோட்டிலை கிடந்து கை காட்டினவையை விட்டிட்டுத்தான் ஓடினனான். செல் விழுந்து வெடிச்சுக்கொண்டிருந்தது, நிப்பாட்ட ஏலாது. இண்டைக்கு நிப்பாட்டினன்."

அம்மா சின்னம்மாவின் தலைமயிரில் காய்ந்திருந்த சேற்றைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவினார். அதன்பின் சின்னம்மா பந்தயத்துக்குப் போகவேயில்லை.

மார்த்தீன் இப்போது உயிரோடு இல்லை, கராஜையும் இடித்துவிட்டார்கள். போன மாதம் வேலையாக பந்தயம் நடந்த பக்கம் போனபோது, வயல் இருந்த இடமெல்லாம் சாமான் களஞ்சியங்களாக நின்றன. படம் எடுத்துவந்து சின்னம்மாவிடம் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எந்த இடத்திலை நிப்பாட்டினனான் எண்டே தெரியேல்லை" என்றார்.