மாப்பிள்ளை வீட்டுக்குப் போன படம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். நான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாலே ஸ்டுடியோவுக்கு வருகிற பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவார்கள். ஆனால் ஒரு நாள் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

மலைமேல் செம்மேட்டில் ஒரு மிளகு குடோனுக்கு மேலே இருக்கிற கூடம்தான் எங்கள் ஸ்டுடியோ. இரண்டு விளக்கு, ஒரு சாம்பல் நிறத் திரை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர். சொந்தக் கடை போட வசதியில்லாத புதியவர்கள் சொற்ப வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கல்யாண வீடுகளில் நான் கேமராவோடு அலைந்த காலத்தில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஓர் இடம் தர யாருக்கும் மனசு வரவில்லை. அந்த எரிச்சலில் ஆரம்பித்தது. சேவை கீவை என்று யாராவது புகழ்ந்தால் அதற்கும் எரிச்சல்தான் வருகிறது.

திண்ணனூர் நாடு என்கிற மலைக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வருவாள். பழைய கேமரா ஒன்றை வாங்கி, மரவள்ளிக் காட்டில் வேலை இல்லாத நாட்களில் எங்களிடம் வந்து படமெடுக்கப் பழகியவள். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்கத் தெரிந்தவள். ஆனால் அவள் ஊரில் ஒருவர்கூட அவள் கேமரா முன்னால் உட்கார்ந்ததில்லை. கேமராவை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போ என்று வீட்டில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அதே ஊர் அம்மா ஒருவர், நர்ஸிங் முடித்த தன் மகளை அழைத்து வந்தார். கல்யாணத் தரகரிடம் கொடுக்கப் படம் வேண்டுமாம். இது நன்றாக அமைந்தால் ஊர் அவளிடம் வரும். இல்லாவிட்டால் திருப்பூர்தான்.

நன்றாகவே அமைந்தது. இரண்டு விளக்கையும் அணைத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார வைத்து எடுத்தாள். அந்த மகளின் கறுப்பு நிறம் அப்படியே இருந்தது. எதையோ சொல்லப்போகிற மாதிரி உதட்டில் ஒரு சிரிப்பு. நான் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நான் குறை சொல்லவில்லை என்றால் அதுதான் பாராட்டு.

அம்மாவுக்குத் திருப்தியில்லை. "கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடு கண்ணு" என்றார்.

"அப்புறம் அது உங்க பிள்ளையாவே இருக்காதுங்களே" என்றாள் படமெடுத்தவள். முடியாது என்று பணிவாகச் சொல்லிவிட்டு, நாளைக்குப் பிரிண்ட் தருகிறேன் என்று பஸ் பிடிக்கப் போனாள். நானும் சாமான் வாங்கக் கடைக்குப் போய்விட்டேன்.

கம்ப்யூட்டர் முன்னால் இன்னொருவன் இருந்தான். அடிவாரத்து டவுனிலிருந்து வருபவன், கெட்டிக்காரன். அந்த அம்மா அவனிடம் கேட்டிருக்கிறார். காப்பி ஆறுவதற்குள் முகம், கழுத்து, கை எல்லாவற்றையும் வெளுத்து, மூக்கைக்கூடக் கொஞ்சம் கூராக்கி, அவர் போனுக்கு அனுப்பிவிட்டான். படத்தின் மூலையில் எடுத்தவள் பெயர் இருந்தது. முகத்தையே மாற்றியவனுக்கு அந்தப் பெயரை எடுக்கத் தோன்றவில்லை.

பிரிண்ட் வாங்க வராத அந்த அம்மா, அடுத்த வாரம் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். பின்னால் மகள். படமெடுத்தவளைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"இப்படிப் பண்ணிப்போட்டியே! மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க காப்பியக்கூடத் தொடல. போட்டோவுல ஒருத்தியக் காட்டிட்டு வேறொருத்தியக் கொண்டாந்து நிறுத்தறீங்களான்னு கேட்டுப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்தத் தம்பிகிட்ட வெளுப்பாக்கச் சொன்னா ஆளையேவா மாத்தறது? படத்துல உன்ற பேருதான போட்டிருக்குது? ஊரு பூரா சொல்லுவேன், இவகிட்ட யாரும் போகாதீங்கன்னு!"

போனை நீட்டினார். அப்போதுதான் அந்தப் படத்தை நாங்கள் இருவரும் பார்த்தோம். சோப்பு விளம்பரத்தில் வருகிற யாரோ ஒருத்தி. அந்த டவுன்காரன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கண்ணாடியைக் கழற்றவில்லை. நேராகப் போய் அவன் ஹெட்போனைப் பிடுங்கினேன்.

"கேட்டாங்க, செஞ்சேனுங்க்கா. எல்லாரும் செய்யறதுதானுங்களே" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தியின் தோலைத் துடைத்துவிட்டு இன்னொருத்தியின் பெயரைக் கெடுத்திருக்கிறான், எல்லோரும் செய்வதாம்! இனி இந்தப் படியேறாதே என்று கத்தினேன். கீழே மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். அந்தக் கதவை அவனுக்கு இன்றுவரை நான் திறக்கவில்லை.

பிறகு அவள் எடுத்த படத்தைத் திரையில் பெரிதாகத் திறந்து, "இந்தப் பொண்ணு எடுத்தது இதுதானுங்க" என்றேன்.

அம்மா வெகுநேரம் பார்த்தார். இப்போது மன்னிப்புக் கேட்பார், விடக்கூடாது, நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தேன்.

"இதக் குடுத்திருந்தா அவங்க வந்தே இருக்க மாட்டாங்களே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்ன மாதிரி சொன்னார். பக்கத்திலேயே மகள் நிற்கிறாள். வைத்திருந்த நாலு வார்த்தையும் எனக்கு மறந்துபோனது.

மகள்தான் பேசினாள். "வராமயே இருந்திருந்தா எந்திரிச்சுப் போயிருக்கவும் மாட்டாங்கல்லம்மா."

அம்மா திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். மகள் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, படமெடுத்தவளிடம் கேட்டாள்:

"இதப் பெருசாப் போட்டுக் குடுங்க. எங்க ஊட்டுல வாசலுக்கு நேரா மாட்டோணும். உங்க பேரு நல்லாத் தெரியட்டும்."